முறிந்த போல்ட்

அந்த போன் வந்தபோது நான் செஞ்சி மார்க்கெட் கமிட்டியில், விற்க வந்த நெல் மூட்டைகளுக்கு நடுவே நின்றுகொண்டிருந்தேன். அறுவடைக் காலத்தில் திருவண்ணாமலை ரோடு முழுக்க லாரியும் டிராக்டருமாக அடைத்துக்கொள்ளும், பஸ் நகராது. மேல்சித்தாமூரில் எங்களுக்குக் கொஞ்சம் நிலம் இருக்கிறது. நைனாவுக்குப் பிறகு தம்பிதான் பார்த்துக்கொள்கிறான். அன்றைக்கு அவனுக்குக் காய்ச்சல் என்பதால் நெல்லோடு நான் வந்திருந்தேன்.

என் தொழில் வேறு. பல வருடங்கள் கப்பலில் எஞ்சினியராக இருந்துவிட்டு, இப்போது கப்பல் விபத்துகளைப் பார்வையிடும் சர்வேயராக இருக்கிறேன். கப்பலில் எஞ்சின் உடைந்தாலோ தீப்பிடித்தாலோ, கப்பல் கம்பெனி இழப்பீடு கேட்கும். கொடுக்கவேண்டிய இன்சூரன்ஸ் கம்பெனி என்னைப் போன்ற ஒருவரை அனுப்பும். என்ன சேதம், எதனால் சேதம் என்று பார்த்து எழுதிக் கொடுக்கவேண்டும். கடலே இல்லாத ஊரில் இருந்துகொண்டு இந்த வேலையா என்று எல்லோரும் கேட்கிறார்கள். மனைவி இங்கே அரசுப் பள்ளியில் டீச்சர். சென்னைக்கும் பாண்டிக்கும் பஸ் இருக்கிறது. வேறு காரணம் எதுவும் இல்லை.

போனில் பேசியவர் சுருக்கமாகச் சொன்னார். சரக்குக் கப்பல். எஞ்சின் அறையில் தீ. அணைத்துவிட்டார்கள். ஒருவர் இறந்துவிட்டார், ஒருவருக்குத் தீக்காயம். கப்பலை இழுத்து வந்து துறைமுகத்தில் கட்டிவிட்டார்கள், உடனே கிளம்பவேண்டும்.

எரிந்த எஞ்சின் அறைக்குள் இறங்குவது எனக்குப் புதிதல்ல. ஆனாலும் ஒவ்வொரு முறையும் முதல் படியில் கால் தயங்கும். விளக்கு இருக்காது. டார்ச் வெளிச்சம் கரியில் பட்டு அப்படியே செத்துவிடும். ரப்பரும் பெயின்டும் எண்ணெயும் சேர்ந்து எரிந்த வாடை, உப்புத் தண்ணீரில் ஊறிப்போய், தொண்டைக்குள் உட்கார்ந்துகொள்ளும். மேலே ஓடுகிற கேபிள்கள் உருகிச் சடை சடையாகத் தொங்கும். வீட்டுக்கு வந்து எத்தனை தடவை குளித்தாலும் அந்த வாடை என்னிடம் இருப்பதாக மனைவி சொல்வாள்.

தீ தான் வந்த வழியை விட்டுவிட்டுத்தான் போகும். எங்கே பெயின்ட் கருகியிருக்கிறது, எங்கே கொப்பளித்திருக்கிறது, எங்கே கரியும் இல்லாமல் எரிந்து இரும்பு சாம்பல் நிறத்தில் வெளுத்திருக்கிறது என்று பார்த்துக்கொண்டே போனால், அது பிறந்த இடத்துக்கு வந்துவிடலாம். அன்றைக்கும் வந்துவிட்டேன். கப்பலுக்கு மின்சாரம் கொடுக்கும் ஜெனரேட்டர்கள் இரண்டு. அதில் ஒன்றின் பக்கவாட்டில், எண்ணெயை வடிகட்டி அனுப்பும் ஃபில்டர் இருந்த இடம். அங்கேதான் இரும்பு வெளுத்திருந்தது. கைக்கு எட்டும் தூரத்தில் எக்ஸாஸ்ட் குழாய், புகை போகும் குழாய். ஓடும்போது அது கொதிக்கிற சூட்டில் இருக்கும். ஃபில்டரிலிருந்து எண்ணெய் பீறிட்டு அதன் மேல் பட்டிருந்தால் நெருப்புக்குத் தீக்குச்சி தேவையில்லை.

ஆனால் ஃபில்டரைக் காணவில்லை.

கப்பல் கம்பெனியின் சூப்பரின்டெண்ட் கூடவே இறங்கியிருந்தார். கப்பல்களைப் பராமரிக்கும் பொறுப்பில் இருப்பவர், நல்ல மனிதர், தூங்காத கண்கள். "இன்னொரு ஜெனரேட்டரை ஓட்டாமல் கப்பலில் லைட் இல்லை, பம்ப் இல்லை. இந்தக் குழாயை அடைக்காமல் அதை ஓட்டமுடியாது. அதனால் கழற்றச் சொன்னேன்" என்றார். அவர் இடத்தில் நான் இருந்திருந்தாலும் அதையேதான் செய்திருப்பேன்.

கழற்றியதை எல்லாம் ஒரு டிரம்மில் போட்டிருந்தார்கள். டிரம்மைக் கவிழ்த்துக் கொட்டினோம். ஃபில்டரின் மூடி கிடைத்தது, வளைந்திருந்தது. அதைப் பிடிக்கும் போல்ட் நான்கு. தேடித் தேடி மூன்றை எடுத்தோம். இரண்டு முழுசாக இருந்தன. ஒன்று பாதியில் முறிந்திருந்தது.

அந்த முறிந்த போல்ட்டை ஒரு பையில் போட்டுக்கொண்டு ஊருக்கு வந்தேன்.

கப்பல் ஆட்களின் விவரங்களைப் பார்த்தபோதுதான் தெரிந்தது, தீக்காயம் பட்டவர் எங்கள் தாலுகாக்காரர். தொண்டூருக்கு அந்தப் பக்கம் ஒரு சின்ன ஊர். எஞ்சினியர்களுக்குக் கீழே எஞ்சின் அறையில் துடைப்பது, கழற்றுவது, மாட்டுவது என்று எல்லா வேலையும் செய்கிற மோட்டார்மேன். தீ பிடிப்பதற்கு முன்னால் அந்த ஃபில்டரைக் கழற்றிச் சுத்தம் செய்து மூடியவர் அவர்தான். ஃபில்டருக்கு இரண்டு பக்கம், ஒன்றைச் சுத்தம் செய்யும்போது எண்ணெய் மற்றதன் வழியாக ஓடும். சுத்தம் செய்த பக்கத்துக்கு எண்ணெயைத் திருப்பிவிட்டவர் இறந்துபோன மூன்றாம் எஞ்சினியர். ஒடிசாக்காரர். கல்யாணமாகி ஒரு வருடம்கூட ஆகவில்லை. தீயில் அல்ல, புகையில் இறந்திருக்கிறார், கன்ட்ரோல் ரூம் கதவுக்கு அருகே.

மோட்டார்மேன் சென்னையில் தீக்காய வார்டிலிருந்து வீட்டுக்கு வந்துவிட்டார் என்று தெரிந்ததும் அவருடைய வாக்குமூலம் வாங்கப் போனேன். ஆட்களுக்கு நேர்ந்ததைப் பார்ப்பது வேறு இன்சூரன்ஸ், வேறு ஆட்கள். என் வேலை இயந்திரத்தோடு முடிந்துவிடும். அவரிடம் நான் கேட்கவேண்டியதும் இயந்திரத்தைப் பற்றி மட்டும்தான்.

ஊருக்கு நடுவில் நீலமும் வெள்ளையுமாகச் சின்ன மாதா கோயில். அதற்குப் பின்னால் அவர் வீடு. கப்பல் சம்பளத்தில் கட்டியது. மாடிக்கு எழுப்பிய கம்பிகள் துருப்பிடித்து வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தன. உள்ளே கட்டிலில் உட்கார்ந்திருந்தார். முப்பத்தைந்து வயது இருக்கும். இரண்டு கைகளிலும் விரல் நுனி முதல் முழங்கை வரை இறுக்கமான தோல் நிற உறைகள். மனைவி கிண்ணத்தில் கஞ்சியை வைத்து அவருக்கு ஊட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் கிண்ணத்தைக் கட்டிலுக்கடியில் தள்ளினார்.

"உக்காருங்க சார்" என்றார் அவர். நான் உட்கார்ந்து பேனாவை எடுப்பதற்குள் கேட்டுவிட்டார். "சார், நீங்க உள்ள எறங்குனீங்கல்ல? அந்த ஃபில்டர பாத்தீங்களா?"

"மூடிய பாத்தேன்."

"டைட்டா இருந்துச்சா சார்?"

நான் அவரிடம் கேட்க வந்த கேள்வி அது.

"நான் வர்றதுக்கு முன்னாடியே கழட்டிட்டாங்க" என்றேன். அவர் முகம் அப்படியே நின்றுவிட்டது. இந்தப் பதிலுக்காகத்தான் அவர் அத்தனை நாளும் காத்திருந்தார் என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது. கப்பலுக்குள் போய்வந்த யாராவது ஒருவர் வருவார், வந்து சொல்வார் என்று நினைத்திருக்கிறார்.

அன்றைக்கு நடந்ததைச் சொல்லச் சொன்னேன். நிதானமாகத்தான் சொன்னார். ஃபில்டரைக் கழற்றி டீசலில் அலசினார். உள்ளே வைத்தார். மூடியை வைத்தார். நட்டுகளை முடுக்கத் தொடங்கினார். அந்த நேரத்தில் மூன்றாம் எஞ்சினியர் கூப்பிட்டிருக்கிறார், கீழே ஒரு பம்ப் தண்ணீர் எடுக்கவில்லை என்று. போய் அதைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தார்.

"வந்து?"

"வந்து முடுக்கனேன் சார். முடுக்கன மாதிரிதான் கையில இருக்குது." உறை போட்ட கையைத் தூக்கிக் காற்றில் ஒரு ஸ்பேனரைத் திருப்புவதுபோல் காட்ட முயன்றார். மணிக்கட்டு திரும்பவில்லை. "ஆனா வாரா வாரம் இதத்தான சார் பண்றோம். கையில இருக்கறது அன்னிக்குப் பண்ணதா, போன வாரம் பண்ணதான்னு தெர்ல. நாலாவது நட்ட முடுக்கனனா, இல்ல முடுக்கிட்டோம்னு நெனச்சி ஸ்பேனர எடுத்து வெச்சிட்டனா. எவ்ளோ யோசிச்சாலும் அந்த எடம் மட்டும் வரமாட்டேங்குது சார்."

பிறகு எண்ணெய் பீறிட்டதையும், வால்வை மூடக் கையை விட்டதையும் சொன்னார். "வால்வு மூடிடுச்சா, அதுவும் தெர்ல. கை ஒட்டிக்கிச்சி." புகையில் எஞ்சினியரின் குரல் கேட்டது. மேலே போ, மேலே போ என்று இந்தியில் கத்தியிருக்கிறார். இவர் மேலே வந்துவிட்டார். அவரும் பின்னாலேயே வருகிறார் என்று நினைத்திருக்கிறார்.

நான் எழுதிக்கொண்டேன். மூடியைச் சரியாக இறுக்கியது குறித்து நினைவில்லை என்று எழுதி, படித்துக் காட்டினேன். கையெழுத்துப் போட முடியாது. பெருவிரலையும் வைக்க முடியாது. அவர் மனைவி சாட்சியாகப் போட்டார். போட்டுவிட்டுப் பேனாவைத் திருப்பித் தராமலே சொன்னார். "சார், இவரு மேல தப்பு இல்லன்னு எழுதிடுங்க சார். சாப்பிடமாட்டேங்கறாரு, தூங்கமாட்டேங்கறாரு. பெரியவங்க நீங்க எழுதுனா நம்புவாரு."

"அது இவருக்காக எழுதற ரிப்போர்ட் இல்லம்மா."

"யாருக்காக எழுதுனா இன்னா சார்? எழுதறது நீங்கதான?"

அவர்தான் மனைவியை அதட்டினார். "சும்மா இரு. தெரிஞ்சாத்தான எழுதுவாரு."

வாசல் வரை கூட வந்தார். நான் செருப்பைப் போட்டுக்கொண்டிருந்தபோது தாழ்ந்த குரலில் சொன்னார். "ஃபாதர்கிட்ட பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன் சார். செஞ்ச பாவத்தச் சொல்லுன்னாரு. செஞ்சனான்னே தெரியல ஃபாதர்னு சொன்னேன். தெரியாத பாவத்துக்குப் பயப்படாத, ஜெபம் பண்ணுன்னாரு. செஞ்சேன்னு தெரிஞ்சா அழுதுட்டு மன்னிப்பு கேப்பேன். செய்யலன்னு தெரிஞ்சா, அந்த எஞ்சினியரு வீட்டுக்குப் போயி, நான் இல்லம்மான்னு சொல்லுவேன். இப்பிடி நடுவுல இருந்தா இன்னா சார் பண்றது?"

பஸ்ஸில் வரும்போது, கண்டுபிடித்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். என் தொழிலே அதுதானே. போல்ட் தானாக முறிந்திருந்தால் அவர்மேல் குற்றமில்லை. ஓயாத அதிர்வில் இரும்பு களைத்துப்போய் முறிவது உண்டு. அப்படி முறிந்தால் முறிந்த முகத்தில் கடற்கரை மணலில் அலை விட்டுப்போன மாதிரி வரிகள் இருக்கும். நட்டு தளர்ந்திருந்தால் அதற்கு வேறு அடையாளம். பையில் இருக்கிற துண்டு எதையாவது சொல்லிவிடும்.

சோதனைக்கூடத்துக்கு அனுப்பினேன். அங்கே இருந்தவர் போனில் வருத்தத்தோடு பேசினார். "சார், இது நெருப்புக்குள்ளேயே கிடந்திருக்கு. மேல் முகமெல்லாம் செதிலா உரிஞ்சு போச்சு. வரி இருந்ததா இல்லையான்னே சொல்லமுடியாது. கழற்றும்போது முறிஞ்சதாக்கூட இருக்கலாம்."

மறுபடியும் கப்பலுக்குப் போனேன். போகவேண்டிய அவசியம் இல்லை. யாரும் போகச் சொல்லவும் இல்லை. காணாமல்போன நாலாவது போல்ட்டுக்காகப் போனேன். எஞ்சின் அறையில் வெல்டிங் நடந்துகொண்டிருந்தது. தரையைத் தேய்த்துக் கழுவிப் புதுப் பெயின்ட் அடித்திருந்தார்கள். டிரம்மை எப்போதோ பழைய இரும்புக்குப் போட்டுவிட்டார்கள். சூப்பரின்டெண்ட் என்னையே பார்த்தார். "ஒன்று சொல்லட்டுமா? இரண்டு ஜெனரேட்டரிலும் ஒரே மாதிரி ஃபில்டர், ஒரே அளவு போல்ட். இன்னொன்றை ஓட்டுவதற்கு முன் அதிலும் பழைய போல்ட் சிலதை மாற்றினோம், கழற்றியதை அதே டிரம்மில்தான் போட்டார்கள். உங்கள் கையில் இருக்கிற முறிந்த போல்ட் எந்த ஃபில்டருடையது என்றே நம்மால் சொல்லமுடியாது."

அது எனக்குத் தோன்றாமல் இருந்தது எப்படி என்று இப்போதும் தெரியவில்லை. தோன்றக்கூடாது என்று நான் விரும்பியிருக்கவேண்டும்.

ரிப்போர்ட்டை எழுதினேன். ஃபில்டர் மூடி வழியாக எண்ணெய் கசிந்ததே தீக்குக் காரணம் எனத் தெரிகிறது. கசிவு போல்ட் முறிந்ததாலா, சரியாக இறுக்கப்படாததாலா என்று உறுதியாகக் கூற இயலவில்லை. இன்சூரன்ஸ் கம்பெனியில் அதைப் பார்த்த அதிகாரி இளம் பெண். மரியாதையாகப் பேசுபவர். இன்னும் கொஞ்சம் நேரம் கொடுத்தால் வேறு சோதனைக்கூடத்தில் முயன்று பார்க்கலாம் என்று அவரிடம் கேட்டேன்.

"எதுக்கு சார்?" என்றார், நிஜமாகவே புரியாமல். "போல்ட் தானா முறிஞ்சிருந்தாலும் பாலிசில கவர் ஆகுது. ஆள் கவனக்குறைவா இருந்திருந்தாலும் கவர் ஆகுது. ரெண்டுல எதுன்னு தெரிஞ்சு நமக்கு என்ன சார் ஆகணும்? ரிப்போர்ட் நல்லா இருக்கு. க்ளோஸ் பண்ணிடலாம்."

அவர் சொன்னது சரிதான். நானே பல கப்பல் கம்பெனிக்காரர்களுக்கு அந்த விதியை விளக்கிச் சொல்லியிருக்கிறேன். கடலில் வேலை செய்பவன் மனிதன், தவறுவான் என்று தெரிந்தே எழுதப்பட்ட விதி. நல்ல விதி என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். கப்பல் பழுது பார்க்கப்பட்டுப் புறப்பட்டுவிட்டது. கம்பெனிக்குக் கிடைக்கவேண்டியது கிடைத்துவிட்டது. அந்தக் கேள்வி இனி யாருக்கும் தேவையில்லை, தொண்டூருக்கு அந்தப் பக்கம் இருக்கிற ஒருவரைத் தவிர.

அவரிடம் நேரில் சொல்லவேண்டும் என்று போனேன். வெயில் காலம் தொடங்கியிருந்தது. செஞ்சியில் கோட்டை பார்க்க வந்த வேன்கள் மலையடி நிழலைத் தேடித் தேடி நின்றன. அவர் வீட்டில் மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது. சட்டையில்லாமல் உட்கார்ந்திருந்தார். சட்டைப் பித்தானைப் போட முடியவில்லை என்று அவர் மனைவி மெதுவாகச் சொன்னார்.

எல்லாவற்றையும் சொன்னேன். சோதனைக்கூடம் சொன்னது, டிரம், இரண்டு ஃபில்டருக்கும் ஒரே போல்ட், கேஸ் முடிந்துவிட்டது. அவர் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார்.

"அப்போ இனிமே யாரும் தேடமாட்டாங்களா சார்?"

"மாட்டாங்க."

அப்போது அவர் மனைவியின் போன் அடித்தது. எடுத்துப் பார்த்தவர் கணவரைப் பார்த்தார். "அந்த நெம்பருதான்" என்றார். இறந்துபோன எஞ்சினியரின் அப்பா. மகனோடு கடைசியாக இருந்தவரிடம் பேசவேண்டும் என்று ஒரு வாரமாகக் கூப்பிடுகிறாராம். இவர்கள் எடுக்கவில்லை.

"சார், உங்களுக்கு இந்தி நல்லா வருமில்ல. நீங்க பேசுங்க சார். எனக்கு வாய் வராது."

மறுப்பதற்குள் அவர் மனைவி ஸ்பீக்கரைப் போட்டு என் கையில் கொடுத்துவிட்டார்.

வயதான குரல். இந்தி அவருக்கும் தாய்மொழி இல்லை. மெதுவாக, வார்த்தைகளைத் தேடித் தேடிப் பேசினார். நான் யார் என்று சொன்னேன். கப்பலைப் பார்வையிட்ட சர்வேயர் என்றதும் என் பெயரைத் திரும்பக் கேட்டுக்கொண்டார். பிறகு நிதானமாகக் கேட்டார். கம்பெனியில் யாரோ அவரிடம் சொல்லியிருக்கிறார்கள், எண்ணெயைத் திருப்பிவிடும் முன் மூடியைச் சரிபார்க்கவேண்டியது எஞ்சினியரின் பொறுப்பு என்று. "நான் ஸ்கூல் வாத்தியாராக இருந்தவன். எனக்கு எஞ்சின் தெரியாது. நீங்கள் உள்ளே போய்ப் பார்த்தவர். என் மகன் பார்க்காமல் திருப்பிவிட்டானா? அவனால்தான் அந்தத் தமிழ்ப் பையனுடைய கை போனதா?"

கட்டிலில் இருந்தவரைப் பார்த்தேன். கப்பல் இந்தி அவருக்கு நன்றாகவே புரியும். வாய் திறந்தபடி இருந்தது.

தெரியாது என்று சொல்லியிருக்கவேண்டும். அதைத்தான் ரிப்போர்ட்டில் எழுதியிருந்தேன், அதன் கீழே கையெழுத்தும் போட்டிருந்தேன். "இல்லை ஐயா" என்றேன். "உங்கள் மகன்மேல் தவறில்லை. யார்மேலும் தவறில்லை. போல்ட் தானாக முறிந்துவிட்டது."

பெரியவர் அழவில்லை. அந்தப் பையனின் கை எப்படி இருக்கிறது என்று விசாரித்தார். பரவாயில்லை என்றேன். கடவுள் பார்த்துக்கொள்வார் என்று சொல்லச் சொன்னார். வைத்துவிட்டார்.

போனைக் கட்டிலில் வைத்தேன். அவர் மனைவி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, டீ வைக்கிறேன் என்று உள்ளே போனார். கட்டிலில் இருந்தவர் கண்ணில் ஏதோ ஒரு வெளிச்சம் வந்திருந்தது. என்னால் அதைப் பார்க்க முடியவில்லை.

"சார். அவருகிட்ட சொன்னீங்கல்ல. அது நெசமா?"

ஆமாம் என்று சொல்வதற்கு எனக்கு ஒரு நொடி போதும். இப்போதுதான் ஒருவரிடம் சொல்லியிருக்கிறேன், இன்னொருவரிடமும் சொன்னால் என்ன? ஆனால் எல்லாவற்றையும் அரைமணி நேரத்துக்கு முன் அவரிடம்தான் விவரமாகச் சொல்லி முடித்திருந்தேன். என்ன சொன்னாலும் நம்பியிருக்கமாட்டார். நம்பியதுபோல் எனக்காக நடித்திருப்பார்.

"தெரியலப்பா" என்றேன்.

வெளிச்சம் போய்விட்டது. ஆனாலும் அவர் கோபப்படவில்லை. "பரவால்ல சார். அவருக்காச்சும் சொன்னீங்களே" என்றார். பிறகு, "பெரியவரு பாவம். எனக்காகவும் கேட்டாரு பாருங்க" என்றார்.

டீ வந்தது. அவருடைய டம்ளரை இரண்டு மணிக்கட்டுகளுக்கும் நடுவே பிடித்துத் தானே குடித்தார். மனைவி பக்கத்தில் கையை நீட்டியபடியே நின்றார், விழுந்தால் பிடிப்பதற்கு.

இப்போது அவர் கப்பலுக்குப் போவதில்லை. விரல்கள் பாதிதான் மடங்குகின்றன, மெடிக்கலில் தேறமாட்டார். சேத்துப்பட்டுப் பக்கம் ஒரு பள்ளியில் வாட்ச்மேன் வேலை கிடைத்திருப்பதாகக் கேள்விப்பட்டேன். மனைவி அங்கேயே சமையலுக்குச் சேர்ந்திருக்கிறார். அவர் எந்தப் பொருளையும் இறுக்கி மூடிவிடுகிறாராம், குழாயையும் சிலிண்டரையும் டப்பா மூடியையும், அந்தக் கையை வைத்துக்கொண்டே. திறக்கப் பக்கத்து வீட்டு ஆளைக் கூப்பிடவேண்டியிருக்கிறது என்று அந்த அம்மா ஒருமுறை சந்தையில் பார்த்தபோது சொல்லிச் சிரிக்கப் பார்த்தார்.

நான் தொடர்ந்து சர்வேக்குப் போய்க்கொண்டுதான் இருக்கிறேன். பெரும்பாலும் காரணம் கிடைத்துவிடுகிறது. கிடைக்கும்போது பழைய நிம்மதி வருவதில்லை.

போன மாதம் அவரை செஞ்சி பஸ் ஸ்டாண்டில் பார்த்தேன். சாயங்காலம். எங்களுடையது சமணக் குடும்பம், இருட்டுவதற்குள் வீட்டில் சாப்பிட்டாகவேண்டும் என்ற அவசரத்தில் நான் நடந்துகொண்டிருந்தேன். அவர்தான் கூப்பிட்டார். முழுக்கைச் சட்டை, கைப்பக்கம் பித்தான் போடாமல் தொங்கியது. மழை வருமா என்று பேசினோம். பிள்ளைகள் படிப்பைப் பற்றிப் பேசினோம். கப்பலைப் பற்றி அவரும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை. வந்தவாசி பஸ் வந்ததும் கூட்டம் முண்டியது. அவரும் போய், கம்பியைக் கையால் பிடிக்க முடியாமல் முழங்கையை மடக்கி அதில் கோத்துக்கொண்டு ஏறினார். ஏறி, ஜன்னல் பக்கம் இடம் பிடித்து, நான் இன்னும் நிற்கிறேனா என்று பார்த்தார்.

"போயிட்டு வரேன் சார்" என்றார்.

"பாத்துப் போப்பா" என்றேன். பஸ் நகர்ந்தது.